பிஸ்கட் டின்னுக்குக் குடை

காலை ஏழு பத்து. கல்முனை பஸ் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு குடை. அதைப் பிடித்திருந்த மெலிந்த இளைஞர் வெயிலில் நின்றார். நிழல் முழுவதும் அவர் கையிலிருந்த பிஸ்கட் டின்னுக்கு. டின்னின் மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருந்தது.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் அமர்ந்தார். வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவராம்; விடுமுறை முடிந்து திரும்புகிறார். டின்னுக்குள் பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய கண்ணாடித் துண்டு இருந்தது. அது வெயிலை மின்சாரமாக்குமாம். நம்மூர்ச் சூட்டில் விடுமுறையின் மூன்று வாரமும் தாங்குமா என்று அறியவே கொண்டுவந்திருந்தார். திரும்பிப்போய் அளக்கும்வரை அதில் காற்றும் வெளிச்சமும் படக்கூடாது.

முன் இருக்கையிலிருந்து, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானை திரும்பினார்.

“வெயில்ல வேலை செய்யிற சாமானுக்கு வெயில் ஆகாதா? நல்ல மாப்புள!”

“அதான் காக்கா, கரச்சல்,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் இளைஞர். “உள்ளுக்கு உண்டாகிற கரண்டும் வெளிய வாறதுக்குள்ள வழியிலயே அழிஞ்சிடுது.”

“வாய்க்கால் தூரமெண்டா தண்ணி வழியிலதான் போகும். கிட்டக் கிட்ட வெட்டுங்க.”

“ஓம் காக்கா! அதத்தான் செஞ்சிரிக்கன். ரெண்டு சாமானக் கலந்து பூசினா, எங்க உண்டானாலும் பக்கத்துல வாய்க்கால் இரிக்கும்.”

இருவரும் ஒரே வயலில் வேலை செய்பவர்கள்போல் சிரித்தார்கள்.

காரைதீவுச் சந்திச் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கினோம். டின்னைத் திறக்கும்படி சிப்பாய் சைகை காட்டினார். வட்டவிதானை தமக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்றாடினார், பலிக்கவில்லை. இளைஞர் தாமே மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். செம்மஞ்சள் துண்டில் வெயில் விழுந்தது.

பஸ் புறப்பட்டதும் அவர் ஒரு கொப்பியை எடுத்து எழுதினார்: “மூன்றாம் கலவை. காற்றும் வெளிச்சமும் பட்டது காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு. இரண்டு நிமிடம்.”