இடிக்கப் போவதாக வந்த செய்தி

ஜுல்ஹுமார் பயந்தவள் அல்ல. தாஷ்கந்தில் இருபது வருடம் டிராலி பஸ் ஓட்டியவள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவனை நடுரோட்டில் இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அவளை நடுங்க வைத்தது போனில் வந்த ஒரு செய்தி.

அவள் கணவர் துரோப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். நான் ஓய்வுபெற்ற நர்ஸ், மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். அவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ள தினமும் போவேன். அன்று அவரைப் புரட்டும்போது அவள் கை நழுவியது.

"இறுக்கிப் பிடிடி, கீழே போட்டுடாதே."

"வெளியில சத்தம் கேக்குதே அக்கா, புல்டோசரா?"

"குப்பை வண்டி. தினம் வர்றதுதானே?"

அவர் காதில் விழாதபடி என்னை முற்றத்துக்கு இழுத்துப்போய் போனைக் காட்டினாள். தெருக்காரர்கள் குழு ஒன்றில் வந்த செய்தி. வாய்க்காலுக்கு இந்தப் பக்க வீடுகளை வசந்தத்துக்குள் இடிக்கிறார்களாம், முந்தி விற்றால் தப்பிக்கலாமாம். கீழே இடிந்த சுவரின் படம்.

"திடுதிப்புன்னு வந்து நின்னா இந்த மனுஷனை எங்கே தூக்கிட்டு ஓடுவேன்?"

அந்தப் பயத்தில் முந்தின நாளே பாதி விலைக்கு வீட்டைப் பேசி முடித்திருந்தாள். தரகன் போத்திர், சந்தையில் ஆடு பேசுவது போல அவள் கையைப் பிடித்து, சரி என்று சொல்லும்வரை குலுக்கியிருக்கிறான். பிறகு இருவரும் உள்ளங்கை ஏந்தி ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு யாரும் பின்வாங்குவதில்லை.

"உன்னை இந்தக் குழுவில சேர்த்தது யாரு?"

"போத்திர்தான்."

"வீடு உன் புருஷன் பேர்ல. அவர்கிட்ட கேட்டியா?"

"சொன்னா நெஞ்சு அடைச்சிடும் அக்கா. இப்ப வாக்கு மாறினாலும் அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருக்கு."

"அவருக்கு ஆக வேண்டியது ஏற்கெனவே ஆயாச்சு. செருப்பைப் போடு, வீட்டுப் பத்திரம் பதியற நோட்டரிகிட்ட போய்க் கேப்போம்."

நோட்டரி அம்மாள் கணினியில் வீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்தார். ஜுல்ஹுமார் என் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கு வரைக்கும் இந்த வீட்டு மேல இடிக்கிற உத்தரவு ஒண்ணுமில்லை. நாளைக்கு என்னன்னு நான் சொல்ல முடியாது. வந்தா வீட்டுக்காரருக்கு நேரா தெரிவிக்கணும், போன் குழுவில இல்லை. அவர் சம்மதம் இல்லாம விக்கவும் முடியாது. வேணும்னா நானே வந்து அவர்கிட்ட கேக்கறேன்."

"கை குலுக்கிட்டேனேம்மா?"

"குலுக்கின கையை நான் பதிவு பண்றதில்லை."

சாயங்காலம் போத்திர் வந்து கையை நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆமீன் சொன்ன கைதானே அக்கா அது?"

"இடிக்கப் போறதா எந்த ஆபீசில சொன்னாங்க? வா, சேர்ந்தே போய்க் கேப்போம்."

"புல்டோசர் வாசல்ல நிக்கும்போது என்னைத் தேடுவே" என்றவன், ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் போனான். அந்தச் சொல் அவளுக்குள் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் முக்காலிக் கருவியோடு இரண்டு பேர் தெருவை அளந்தார்கள். ஜன்னலில் பார்த்தவளுக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் இறங்கிப் போனாள்.

"எதுக்குப்பா அளக்கறீங்க?"

"தண்ணிக் குழாய்க்கு."

"எந்த ஆபீஸ் அனுப்பினது?"

சொன்னார்கள். அவள் அதை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. அந்த ஆபீசுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"குழாய்தான் அக்கா."

"சரி, வா. அவரைப் புரட்டற நேரமாச்சு."

"கொஞ்சம் இரு. இந்தக் கை நடுங்கி முடியட்டும்."