பிரித்துப் போட்ட கியர் பாக்ஸ்

மாதனூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணி நான்காவது கியரைப் போடுவார். போட்ட பிறகு இடது கையை அதன் குமிழிலிருந்து எடுக்கமாட்டார். எடுத்தால் கியர் தானாக வெளியே வந்துவிடும். எஞ்சின் மட்டும் வெறுமனே உறுமும், வண்டி வேகமிழக்கும், பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனை அழுத்துவான். அதனால் ஆம்பூர் வரும்வரை உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தபடி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு போவார். ஒருநாள் காலை முன்சீட்டில் ஏறிக்கொண்டு போனபோதுதான் நான் அதைப் பார்த்தேன். மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது. பின்னால் ஷூ ஃபேக்டரிக்குப் போகும் எட்டுப் பெண்கள் மடியில் சாப்பாட்டுப் பையோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

“எவ்ளோ நாளா இப்பிடி?” என்று கேட்டேன்.

“ஒரு மாசம் இருக்கும் தம்பி. கைதான வலிக்குது, வண்டி ஓடுதில்ல” என்றார்.

அந்த வண்டி என் அண்ணனுடையது. பழைய டீசல் வண்டி. எங்கள் ஊரிலிருந்தும் வழியில் உள்ள இரண்டு ஊர்களிலிருந்தும் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் ஃபேக்டரி வாசலில் இறக்கி, மாலையில் கூட்டி வருவது அவர் தொழில். பஸ்ஸை நம்பினால் எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியாது. எட்டுக்குக் கேட் சாத்திவிடுவார்கள், அப்புறம் அரை நாள் போய்விடும். அதனால் அண்ணன் வண்டி வந்து நின்றால் பாதிக் கட்டிய ஜடையோடு கூட ஓடிவந்து ஏறுவார்கள். பங்குனியில் ஒரு சாயங்காலம், ஷிப்ட் முடிய வாசலில் காத்திருந்தவர் ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டார். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

அண்ணி அதே ஃபேக்டரியில் தையல் பிரிவில் இருந்தவர். கல்யாணமான புதிதில் அண்ணன் ஏரிக்கரைச் சாலையில் விளையாட்டாக ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக்கொடுத்திருந்தார். காரியம் முடிந்த மறுவாரம் அந்த எட்டுப் பெண்களும் வீட்டுக்கு வந்து, போக வர வழியில்லாமல் தவிப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணி இரண்டு நாள் யோசித்தார். மகள் நர்சிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். முதுகுவலியால் மெஷினில் உட்காருவது அவருக்கு முன்பே கஷ்டமாக இருந்தது. தையல் வேலையை விட்டுவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். ஒரு பொம்பளை, அதுவும் புருஷன் செத்து நாற்பது நாளில், என்று ஊரில் பேசினார்கள். பேசியவர்கள் வீட்டுப் பெண்களும் அதே வண்டியில்தான் போனார்கள்.

நான் அப்போது தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் ஃபிட்டர். தோல் ஊறும் பெரிய மர டிரம்களைச் சுற்றவைக்கும் கியர் பாக்ஸ்கள் என் பொறுப்பு. பல் மழுங்கினால், பேரிங் போனால், பிரித்து, கழுவி, மாற்றிப் பூட்டுவேன். நான் கைவைத்தது மறுபடி நிற்காது என்று ஷெட்டில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்கும் பிடித்திருந்தது.

அந்த வருஷம் தை மாதத்திலேயே அண்ணன் என்னிடம் வந்து, “கியர் பாக்ஸ்ல ஒரு மாதிரி ஊளை சத்தம் வருது. கிளட்ச்ச மிதிச்சா நின்னுடுது. ஒருநாள் வந்து பாருடா” என்று சொன்னார். அந்த அடையாளத்தைக் கேட்டதுமே பேரிங் போக ஆரம்பித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போகவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்டார். ஷெட்டில் ஆடிட் இருந்தது, பேஜாராக இருந்தது, எரிச்சலோடு “வர்றேன்னு சொன்னேன்ல” என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை. இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே அன்று காலை அண்ணியின் கையைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை வண்டியை ஆம்பூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். பாய் நிதானமானவர். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அடியில் படுத்து ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். அதில் பொடிப்பொடியாக இரும்பு மின்னியது.

“ரெண்டு வழி இருக்கும்மா. இதையே பிரிச்சு, போனத மாத்தி ரெடி பண்ணலாம். ஆனா உள்ள இன்னா போயிருக்குன்னு தொறந்தாதான் தெரியும். வெளிக்கூடு நல்லா இருந்தாதான் அது பிரயோஜனம். இல்லன்னா வேற பெட்டி மாத்திடலாம். முன்னாடி அடிபட்ட வண்டி ஒண்ணோட பெட்டி எங்கிட்ட இருக்கு. கம்மியா ஓடுனது. நாளைக்கு மாட்டுனா திங்கக்கிழமை நீ ட்ரிப் அடிக்கலாம்” என்றார்.

அண்ணி யோசிக்கவே இல்லை. “மாத்திடுங்க பாய். எனக்குத் திங்கக்கிழமை வண்டி ஓடணும், அவ்ளோதான்” என்றார்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். எவனோ ஓட்டிய பெட்டியை நம்பி எட்டுப் பேரை ஏற்ற முடியாது, அதற்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும், இதையே நானும் கூட இருந்து பிரித்துப் பூட்டினால் இன்னும் பத்து வருஷம் ஓடும் என்று பேசிக்கொண்டே போனேன். “அண்ணன் வண்டி அண்ணி. அது அப்பிடியே இருக்கட்டும்” என்றுகூடச் சொன்னேன். இன்று நினைத்தால் அந்த வார்த்தைதான் எனக்கு அதிகம் கூச்சமாக இருக்கிறது. வண்டி அண்ணியுடையது. அதை ஓட்டிப் பிழைப்பவர் அவர். பாய் கையைத் துணியில் துடைத்தபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அண்ணி என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி தம்பி. நீ சொல்ற மாதிரியே பண்ணு” என்றார்.

சனிக்கிழமை ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். பெட்டியை இறக்கிப் பிரித்து, டீசலில் கழுவித் தகரத்தட்டில் வரிசையாக வைத்தோம். பித்தளை வளையங்களின் பல் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. நான்காவது கியரைத் தள்ளும் கவை ஒரு பக்கம் கத்திபோல மெலிந்திருந்தது. பாய் அதை எடுத்துக் காட்டி, “ஓட்டறவரு கைய எப்பவும் கியர் மேலயே வெச்சிருந்திருக்காரு. அந்த வெயிட்டுதான் இத தின்னுடுச்சு” என்றார். அண்ணன் அப்படித்தான் ஓட்டுவார். பாட்டுக் கேட்டுக்கொண்டு, கையை அதன்மேல் போட்டுக்கொண்டு. அந்தக் கவையைத் தட்டில் திருப்பி வைக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

பிறகு பாய் கூட்டைத் தூக்கி, பேரிங் உட்காரும் இடத்தில் விரலை விட்டுச் சுற்றினார். மறுபடி சுற்றினார். “பேரிங் உள்ளயே சுத்திச் சுத்தி எடம் பெருசாயிடுச்சு. புது பேரிங் போட்டாலும் நிக்காது. வுட்டுடு தம்பி. அந்தப் பெட்டியவே மாட்டிடலாம், இன்னும் நேரம் இருக்கு” என்றார்.

அப்போதாவது நான் விட்டிருக்கலாம். விடவில்லை. டிரம் பெட்டிகளில் இப்படி ஆனால் நாங்கள் குடைந்து, உள்ளே ஒரு வளையம் அடித்து இறக்கிச் சரிசெய்வோம். இதிலும் செய்யலாம் என்று சொல்லி, கூட்டைச் சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் ராணிப்பேட்டைக்குக் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அங்கே இருந்தது. அன்று கரண்ட் இல்லை. ஞாயிறு விடுமுறை. திங்கள் முழுக்க அவர்களுக்கு வேறு அவசர வேலை. செவ்வாய்க்கிழமை குடைந்து, வளையத்தை அழுத்தி இறக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டிரம்மின் கூடு தடித்த வார்ப்பிரும்பு. இது மெல்லிய அலுமினியம். முடிபோல ஒரு விரிசல் ஓரத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தது. பட்டறைக்காரர் என்னைப் பார்க்காமல் மெஷினை நிறுத்தினார்.

ஆம்பூர் திரும்பியபோது பாயிடமிருந்த பெட்டியும் இல்லை. ஆற்காட்டிலிருந்து ஒரு வண்டி நடுவழியில் நின்று வந்ததாம், அதற்கு மாட்டிவிட்டார். “நீ வேணாம்னியே தம்பி” என்றார், குற்றமாகச் சொல்லவில்லை. அவர் தெரிந்த இடமெல்லாம் போன் போட்டுச் சென்னையிலிருந்து ஒரு பழைய பெட்டியை வரவழைத்து மாட்டி முடிக்கையில், வண்டியை விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளில் முதல் மூன்று நாள் அந்தப் பெண்கள் பஸ்ஸில் போனார்கள். இரண்டு பேருக்குக் கேட் சாத்தப்பட்டு அரை நாள் போனது. நான்காம் நாள் பள்ளிகொண்டா பக்கத்து வேன்காரர் ஒருவர் எங்கள் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர ஒத்துக்கொண்டார். அண்ணிக்கு விஷயம் தெரிந்ததும் தானே வீடுவீடாகப் போய், “எனக்காகக் காத்திருக்காதீங்க. வேலைய கெடுத்துக்காதீங்க, போங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அதை எனக்குச் சொன்னது அவர்களில் ஒருத்தி. அண்ணி சொல்லவில்லை.

வண்டி நன்றாக ஓடியது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்று நான் பயமுறுத்தினேனே, அதே மாதிரியான ஒரு பழைய பெட்டிதான், அது கடைசிவரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. ஆனால் எட்டுப் பேரில் மூன்று பேர்தான் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வேன்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. மூன்று பேரை வைத்து டீசலுக்கே கட்டாது. அண்ணி மறுபடி தையல் பிரிவில் போய்ச் சேர்ந்தார். காலையில் அந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப்போவார், வண்டியை வாசலுக்கு வெளியே வேப்பமர நிழலில் நிறுத்துவார், உள்ளே போய் எட்டு மணி நேரம் மெஷினில் உட்காருவார், சாயங்காலம் மறுபடி ஓட்டிவருவார். முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் உட்காருவார். மகள் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அப்படித்தான் நடந்தது. ஒருநாளும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசேஷங்களில் பார்த்தால், “சாப்டியா தம்பி?” என்பார். அதற்குப் பதில் சொல்லவே எனக்குப் பாரமாக இருக்கும். அந்தப் பாரம் உடம்பில் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் பல வருஷம் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சின்னதாக ஒரு கார் வைத்திருக்கிறேன். போன மாதம் அதில் இரண்டாவது கியர் உறுமிக்கொண்டு விழ ஆரம்பித்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, “பிரிச்சு சரி பண்ணலாமா சார், வேற பெட்டி மாத்திடலாமா?” என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்ட கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகாமல் வேலூர் பாகாயத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணி இப்போது மகளோடு அங்கேதான் இருக்கிறார். அந்தப் பழைய டீசல் வண்டியை விற்று நாலு வருஷம் ஆகிறது.

மத்தியான வேளை. மகள் டூட்டிக்குப் போயிருந்தாள். அண்ணி முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னேன். தை மாதம் அண்ணன் கேட்டது, நான் போகாதது, மறுபடி கேட்டபோது எரிந்து விழுந்தது. அதை மறைக்கத்தான் பாய் சொன்னதையும் கேட்காமல் அந்தப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு அலைந்தேன், அதில்தான் உங்கள் பிழைப்பு போனது என்று எல்லாவற்றையும்.

அண்ணி வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. “தெரியும் தம்பி. அவரு அன்னிக்கே வந்து சொன்னாரு. தம்பிக்கு வேலை ஜாஸ்தி, பாவம், இனிமே கேக்கக்கூடாதுன்னாரு” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “தெரிஞ்சுமா அன்னிக்குப் பாய் கிட்ட நான் சொன்னதுக்கு ஒத்துக்கினீங்க?”

அவர் வெங்காயத் தோலை ஒரு பக்கமாகக் குவித்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“அவரு போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னாரு. நான் ஷிப்ட் முடிச்சு அப்பதான் வந்திருந்தேன். நிக்க முடியல. கேஸா இருக்கும், ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்கன்னு சொல்லிட்டேன். காலைல எழுந்து வண்டிய எடுத்துட்டுப் போய்ட்டாரு. நான் அத அப்புறம் கேக்கவே இல்ல. பொண்ணுகிட்டகூட இத சொன்னதில்ல.” இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “அன்னிக்குப் பாய் கடையில நீ பேசுனப்ப, உன் மூஞ்சியப் பாத்தேன். எனக்கு அது தெரிஞ்ச மூஞ்சி, கண்ணாடில நான் தெனம் பாக்குறதுதான். வேணாம்னு எப்பிடி சொல்லுவேன்?” என்றார்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டாக்டருக்கே சில சமயம் தெரியாது என்றோ, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றோ. வந்த வார்த்தையெல்லாம், கூடு விரிசல் விட்ட அந்தப் பன்னிரண்டு நாளில் எல்லாரும் எனக்குச் சொன்ன ஆறுதலைப் போலவே இருந்தன. அதனால் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு நானும் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

டூட்டி முடிந்து வந்த மகள் செருப்பைக் கழற்றும்போதே எங்களைப் பார்த்துவிட்டு, “இன்னா, ரெண்டு பேரும் இப்பிடி ஒக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. சித்தப்பா வண்டில கியர் பாக்ஸ் போயிடுச்சாம். அதான், இன்னா பண்றதுன்னு பேசிட்டிருந்தோம்” என்றார் அண்ணி.