சோதிக்கப்படாத இறால்

அரியாலைக் கடற்களப்பின் ஓரம், முழங்காலளவு சேற்றில் நின்று, கண்டல் மரக்கிளையிலிருந்த ஒரு சிலந்தியைப் போத்தலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அக்காவை முதலில் கண்டேன். கையால் தடவி இறால் பிடிப்பவர். இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை எடுத்துவிட்டு, போத்தலைக் காட்டி, உதை ஆர் தின்னுறது என்று கேட்டார்.

அப்போது நான் பல்கலைக்கழக ஆய்வொன்றில் உதவியாளர். களப்பில் வந்து விழும் வெள்ள வாய்க்காலின் கரையில், பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் வளவு ஒன்று இருந்தது. ஈயம் சேற்றில் படிகிறது. சேற்றில் வளரும் புழுக்கள் ஈக்களாகிப் பறக்கின்றன. அவற்றைத் தின்னும் சிலந்தியின் உடம்பில் அது தங்கிவிடுகிறது. அதைத்தான் அளந்தோம். எந்தக் கண்டலில் வலைகள் அதிகம், எங்கே கால் புதையும் என்றெல்லாம் அக்காதான் காட்டித் தந்தார். பேச்சு இன்னும் சரியாக வராத நாலு வயது மகளைப் பற்றி நடந்துகொண்டே சொல்லுவார்.

முடிவு வந்தது. வாய்க்கால் வாயில் பிடித்த சிலந்திகளில் ஈயம் மற்ற இடங்களைவிட மிக அதிகம். அக்காவிடம் சொன்னேன். அவர் சிலந்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப, மகளுக்கு நான் றால் குடுக்கலாமோ?”

ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; ஆனால் இறாலை நாங்கள் சோதிக்கவில்லை. கொடுக்காதீர்கள் என்று சொல்ல ஆதாரமில்லை, கொடுங்கள் என்று சொல்ல மனமில்லை.

“தெரியாது அக்கா.”

“படிச்ச உங்களுக்கே தெரியாட்டி நான் ஆரைக் கேக்கிறது, தங்கச்சி?”

கோபத்தில் கேட்கவில்லை. வேறு ஆள் இருந்தால் சொல்லுங்கோ என்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறிக்கையை உரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். சிலந்தியை ஒருவரும் சாப்பிடுவதில்லையே என்றார் அங்கிருந்த அதிகாரி. அத்தோடு ஆய்வும் முடிந்தது. களப்புக்குப் போன கடைசி நாள், அன்று பிடித்த இறாலில் பாதியைப் பையில் போட்டுத் தந்து, இதையும் ஈயம் அளக்கும் அந்த மெசினில் வைத்துப் பார்க்கச் சொன்னார் அக்கா. மெசின் கொழும்பில் இருந்தது. முடிந்துபோன ஆய்வின் பெயரில் புதிதாக ஒன்றை அனுப்ப எனக்கு அனுமதியில்லை. அதை அவரிடம் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருடமாகிறது. அதே பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில்தான் வேலை செய்கிறேன். அந்தப் பை குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் கல்லாக உறைந்து கிடக்கிறது. அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. அக்கா இப்போதும் அதே தண்ணீரில்தான் இறங்குகிறார். இடைக்கிடை தொலைபேசியில் கூப்பிடுவார்.

“மறுமொழி வந்திட்டுதோ, தங்கச்சி?”

இன்னும் இல்லை என்கிறேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்பதில்லை.