நிபந்தனையற்ற வாபஸ்

தூத்துக்குடி நீதிமன்றத்தில் ஒரு சிவப்புச் சோப்புக்கட்டியைச் சாட்சிக்கூண்டின் விளிம்பில் வைத்துவிட்டு என் அத்தான் ஒதுங்கி நின்றதை நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருவன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவருக்குப் போலீஸ் காவலில் கால் முறிந்திருந்தது. ஸ்டேஷன் குளியலறையில் சோப்பில் வழுக்கி விழுந்தார் என்று சப்-இன்ஸ்பெக்டர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாதிரிச் சோப்புத்தானா என்று அத்தான் கேட்டார். ஆமாம் என்றார் அவர். குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்டார். பின்பக்கம் என்றார். அந்த ஸ்டேஷன் அப்போது ஒரு பழைய வாடகைக் கட்டிடத்தில் இருந்தது. அதற்குக் குளியலறையே கிடையாது, போலீஸ்காரர்களே வாசல் குழாயில்தான் கால் கழுவினார்கள். கட்டிடத்தின் சொந்தக்காரரை அடுத்த சாட்சியாக அத்தான் வெளியே உட்கார வைத்திருந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் சோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நானும் வக்கீல்தான். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரே அறையில் இரண்டு மேசை போட்டுப் பல வருடம் சேர்ந்து தொழில் செய்தோம். அவர் கிரிமினல், நான் பெரும்பாலும் சொத்துத் தகராறு. மதியச் சாப்பாட்டை அக்கா ஒரே தூக்குச்சட்டியில் அனுப்புவாள். மீன் துண்டில் பெரியது யாருக்கு என்பதில் நாங்கள் போட்ட சண்டைக்கு வாய்தாவே கிடையாது. மனிதர் வாய் ஓயாமல் கேலி பேசுவார். ஆனால் போலீஸ் அடி வாங்கியவர் யாராவது படியேறி வந்தால் கேலி நின்றுவிடும். முதலில் அவர்களுக்கு டீ வரும், பிறகுதான் கேள்வி. "போலீஸ்காரன் பொய் சொல்லுதான்னா அது அவன் தொழிலு. அதைக் கேட்டுட்டு நாம சும்மா இருந்தா அது நம்ம குத்தம்" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவரை மதித்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் சரியான இடம் என்று ஊரில் மார்தட்டியிருக்கிறேன்.

அவர் தேர்தலில் நின்று ஜெயித்து, அடுத்த முறை சட்ட அமைச்சரும் ஆனபோது சொந்த ஊரான சாயர்புரத்தில் எங்கள் தெரு முழுக்க வெடி போட்டார்கள். நானும் போட்டேன். நீதிமன்றங்களும் சிறைகளும் அவர் துறையில் வந்தன. போலீஸ் அவர் கையில் இல்லாவிட்டாலும், சிறைக்குள் நடப்பதற்கெல்லாம் சட்டமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இனி எந்தக் கைதியும் சோப்பில் வழுக்க மாட்டான் என்று எங்கள் வக்கீல் சங்கத்தில் சொல்லிச் சிரித்தோம். நான் அதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினேன்.

அப்படி நம்பியிருந்த காலத்தில்தான் சங்கு குளிக்கிற ஒருவர் வலது கையில் மாவுக்கட்டோடு என் அறைக்கு வந்தார். கூடவே அவர் மனைவி. கடற்கரையில் ஒரு வள்ளத்தின் மோட்டார் திருடுபோய்விட்டது என்று போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஸ்டேஷனில் வைத்துக் கையை முறித்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது பயத்தில் வாயே திறக்கவில்லை. கிளைச் சிறைக்குப் போன பிறகுதான் வலி தாங்காமல் கத்தியிருக்கிறார். உடனே காகிதத்தில் ஒரு கதை உருவாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து நல்லபடியாக வந்தவர், சிறைக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மோட்டார் பிறகு வேறோர் ஊரில், வேறோர் ஆளிடம் கிடைத்தது. இவரை விட்டுவிட்டார்கள். கைதான் திரும்பக் கிடைக்கவில்லை. மணிக்கட்டு மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் நஷ்டஈடு பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் இடது கையை உயர்த்தி நிறுத்தினார். "அது கிடக்கட்டும் அண்ணாச்சி. நா வழுக்கி விழலன்னு ஒரு பெரிய ஆபீசர் சொல்லணும். அவ்வளவுதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் விளக்கினார். சங்கு குளிக்கப் போகிறவர்கள் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். மேலே வள்ளத்தில் ஒருவர் அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்கிறார். இறங்கினவர் உயிர் அவர் கையில். இனி இறங்க முடியாத இவருக்கு அந்த மேல் வேலை கிடைத்திருக்க வேண்டும். ஒற்றைக் கையால் செய்யக்கூடியதுதான். ஆனால் பாத்ரூமில் விழுந்தவன் என்று பெயராகிவிட்டது. "பாசி புடிச்ச பாறையில ஓடுற மனுசன் சிமெண்டுத் தரையில விழுவாரா, குடிச்சிருப்பாருன்னு சொல்லுதாவ. குடிகாரன் கையில எவன் குழாயைக் குடுப்பான்?" என்றார் அந்த அம்மா. என் தொழிலில் எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்தை இவ்வளவு கௌரவமாக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நீதி விசாரணை கேட்டு மனுப் போட்டேன். நீதிபதி சிறைக்கும் போலீசுக்கும் நோட்டீஸ் அனுப்பினார். கை முறிந்தது எந்த நேரத்தில் என்று மருத்துவரைக் கொண்டு சொல்ல வைக்கப்போகிறார் என்பது விசாரணையின் போக்கிலேயே தெரிந்தது. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. அதே சமயத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இதைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கொடுத்திருந்தார்.

அந்த வருடம் எங்கள் சர்ச்சில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசன விருந்துக்கு அத்தான் வந்தார். அமைச்சருக்கென்று நாற்காலி போட்டிருந்தும் அதில் உட்காரவில்லை. ஊர்ச் சனங்களோடு பந்தியில் தரையில் சம்மணம் போட்டு, கறிக்குழம்பு இலையைத் தாண்டி ஓடாமல் சோற்றால் அணை கட்டிச் சாப்பிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கை கழுவிவிட்டு என் தோளில் கை போட்டபடி கார் நிற்கிற இடம் வரை நடந்தார். "மாப்ள, அந்தச் சங்குக்காரர் விசயம் எனக்கு எல்லாம் தெரியும்ல. அடிச்சது அவங்கதான். ஆனா கேஸு கோர்ட்டுல நிக்கிது. நிலுவையில இருக்கிற வழக்கப் பத்தி சபையில பேசக்கூடாது. நா எந்திரிச்ச உடனே சபாநாயகர் உக்காரச் சொல்லிருவாரு. நீ வாபஸ் வாங்கிரு. நா சபையில வச்சே விசாரணைய அறிவிக்கேன். கோர்ட்டுல இழுத்தடிக்கிறத நா ஒத்த நாள்ல முடிச்சுத் தாரேன்" என்றார்.

விதி உண்மைதான். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தைச் சபையில் விவாதிப்பதில்லை. சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லை. இருந்தாலும் வக்கீல் புத்தி விடுமா? மறுபடியும் மனுப் போடுகிற உரிமையைத் தக்கவைத்துக்கொண்டு வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அப்படிக் கேட்டுக்கொண்டால் கதவு பூட்டாமல் இருக்கும். கேட்காமல் வாங்கினால் அதோடு சரி. அத்தான் நடையை நிறுத்தினார். "அப்பிடி வாங்குனா இன்னும் முடியலன்னு எவனாவது எந்திரிப்பான். நிபந்தனை ஒண்ணும் இல்லாம வாங்கு. என்னலே, அத்தானயே நம்பலயோ?" என்றார். இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

சங்கு குளிக்கிறவர் வீட்டுக்கு நானே போனேன். அமைச்சர் என் சொந்த அத்தான், சபையில் அவர் வாயாலேயே நீங்கள் விழவில்லை என்று வரும், ஆபீசர் என்ன, அமைச்சரே சொல்வார் என்றேன். அந்த அம்மா முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கு ஒரு தட்டில் மக்ரூன் வைத்தார்கள். அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். மனு வாபஸ் ஆனது.

கேள்வி நேரத்தை எங்கள் சங்க அறையின் டிவியில் பார்த்தேன். அவரையும் அவர் மனைவியையும் வரவழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அத்தான் எழுந்தார். தாளைப் பிரித்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, குறிப்பிட்ட நபர் கிளைச் சிறையின் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது மணிக்கட்டில் முறிவு ஏற்பட்டு, உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று வாசித்தார். இது துறை எழுதிக் கொடுத்த பதில், அடுத்த கேள்விக்குத்தான் விஷயத்துக்கு வருவார் என்று நான் இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். காவல் நிலையத்தில் அடித்ததாகச் சொல்கிறார்களே என்று அந்த உறுப்பினர் துணைக் கேள்வி கேட்டார். அத்தான் தாளை மடித்துப் பையில் வைத்தார். "அப்படிச் சொல்லி வழக்குப் போட்டவரே, தாமாக முன்வந்து, எந்த நிபந்தனையும் இல்லாமல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். குற்றச்சாட்டில் உண்மை இருந்தால் ஒருவர் அப்படிச் செய்வாரா என்பதை உறுப்பினர் எண்ணிப் பார்க்க வேண்டும்" என்றார். மேசைகளைத் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வழக்கை அப்படியே விட்டிருந்தால், அது நிலுவையில் இருக்கிறது என்ற ஒரு வரியிலேயே அவர் தப்பித்திருக்கலாம். அது அவருக்குப் போதவில்லை. நீதிமன்றம் உண்மையைத் தோண்டி எடுத்துவிடும் என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால் என் கையாலேயே வழக்கைக் கொன்றார். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்கள். என்னை அறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அறுபட்டவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாதான் முதலில் எழுந்தார். "உங்க அத்தான்னு சொன்னதாலதான கையெழுத்துப் போட்டோம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் கணவர் என்னை நேராகப் பார்த்து, "அண்ணாச்சி, ஒமக்கு முன்னாலயே தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அத்தானைப் பிடிக்கப் பல நாள் ஆயிற்று. உதவியாளர் எப்போதும் மீட்டிங் என்பார். கடைசியில் அவரே போனில் பேசினார். "மாப்ள, அங்கன நின்னு பாத்தாத்தான் தெரியும். எதுத்தாப்ல நாப்பது பேரு முறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். போலீச விட்டுக் குடுத்தா கட்சியில என்னை விட்டுக் குடுத்துருவாவ" என்றார். தெரியாமல் தவறிவிட்டேன் என்று அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இளகியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அவர் சொல்லவில்லை. அடுத்த தேர்தலைப் பற்றிப் பேசினார். பழைய அறையில் அவர் மேசை இன்றும் என் மேசைக்கு எதிரே கிடக்கிறது. யாராவது அடிபட்டுப் படியேறி வந்தால் நான்தான் டீ சொல்லி அனுப்புகிறேன்.

சங்கு குளிக்கிறவர் மதுரையில் ஓர் இளம் பெண் வக்கீலைப் பிடித்தார். கெட்டிக்காரப் பெண். வாபஸ் ஆன மனுவுக்கு மறுபடி உயிர் கொடுக்கக் கேட்கப்போவதாகச் சொன்னார். அதற்கு ஒரே வழி, யார் என்ன வாக்குக் கொடுத்து வாபஸ் வாங்க வைத்தார்கள் என்று பழைய வக்கீல் பிரமாண வாக்குமூலம் தருவதுதான். பழைய வக்கீல் நான். செய்தி எப்படியோ சென்னைக்குப் போய்விட்டது. முதலில் அக்கா கூப்பிட்டாள். "ஏலே, அவரு பதவி போயிரும்ல. நா ஒங்கிட்ட இதுவரைக்கும் எதாவது கேட்டிருக்கனா?" என்றாள். அவள் கேட்டதே இல்லை. கொடுத்துத்தான் பழக்கம். அன்று மாலையே அத்தான் பேசினார். கோபமே இல்லை. "பொய் சொல்லச் சொல்லல மாப்ள. ஞாபகம் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடு. மனுசனுக்கு மறக்காதா? கோர்ட்டு அதுக்கு மேல ஒண்ணும் கேக்காது" என்றார். சாட்சி சொல்ல வருகிறவர்கள் ஞாபகம் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அவர்களை வறுத்தெடுத்த மனிதர் அவர்.

போன வாரம் மதுரைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண் வக்கீலின் அறையில் சங்கு குளிக்கிறவரும் இருந்தார். நான் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி முழுவதும் கேட்டார், தலையை ஆட்டினார், வெளியே போய்விட்டார். ஊருக்குத் திரும்பியதும், வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தது அத்தான். அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "என்ன மாப்ள, எல்லாம் ஞாபகம் வந்துட்டோ?" என்று கேட்டார்.

"மறந்தாத்தான அத்தான்" என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. அக்கா கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட்டதை நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, அவள் வைத்துவிட்டாள்.