அணையவில்லை, அணைத்தேன்

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. தொண்ணூறுகளில் மலேசியாவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஹைபிரிட் ராக்கெட் இயந்திரம் செய்துகொண்டிருந்தேன். கெட்டியான பிளாஸ்டிக் குழாய்தான் எரிபொருள். ஆக்சிஜன் தனியாகச் சிலிண்டரில் இருக்கும். வால்வைத் திறந்து பொறி கொடுத்தால் எரியும், மூடினால் அணையும், வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி. முழுக்கத் திட எரிபொருள் ராக்கெட் என்றால், பற்றவைத்த பிறகு சாமிதான் காப்பாற்ற வேண்டும். என்னுடையதை நினைத்த நேரத்தில் நிறுத்தலாம், மறுபடி கிளப்பலாம். செயற்கைக்கோளைச் சுமந்து போகும் ராக்கெட்டில் ஒருநாள் இது ஏறும் என்று நம்பினேன்.

பெரிய இயந்திரம் கட்ட அனுமதி தரலாமா என்று பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய அதிகாரி வந்தார். எங்கள் துறைத் தலைவர் பக்கத்திலிருக்கும் ஆயர் ஈத்தாம் ஊர்த் தமிழர். முந்தின நாளே அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"சார், நடுவுல நானே ஆஃப் பண்ணுவேன். அப்புறம் திரும்பப் பத்த வைப்பேன். அதான் சார் விஷயமே. டத்தோகிட்ட மொதல்லயே சொல்லிருங்க."

"சரி லா, நான் பாத்துக்கிறேன்," என்றார். பிரியாணிக்காரனுக்குப் போன் போடுவதில்தான் அவருக்கு அக்கறை.

மறுநாள் மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் நானும் எங்கள் வெல்டர் அண்ணனும் நின்றோம். இயந்திரம் சீறிக்கொண்டு எரிந்தது. என்ன அழகாக எரிந்தது! சொன்னபடி வால்வை மூடினேன். நெருப்பு சட்டென்று நின்றது.

"ஐயையோ, அணைஞ்சிருச்சே!" தூரத்தில், பாதுகாப்புக் கோட்டுக்கு அப்பாலிருந்து தலைவரின் குரல். "சோரி டத்தோ, சோரி!"

"அணையல சார், நான் அணைச்சேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுந்தது? அழுத்தமானியில் முள் இறங்கும்வரை நான் இடத்தைவிட்டு நகரக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, அவங்க சாப்புடப் போறாங்க லா," என்றார் அண்ணன்.

"யாராச்சும் கிட்ட நிக்கிறாங்களா?"

"இல்ல. எல்லாரும் கோட்டுக்கு அந்தாண்ட."

வால்வைத் திறந்து பொறி கொடுத்தேன். முதல் தடவை போலவே சீறிக் கிளம்பியது.

"வெடிச்சிருச்சு!" என்று யாரோ அலறினார்கள். டத்தோ ஓடினார். அவருக்கும் முன்னால் எங்கள் தலைவர் ஓடினார். வெடிக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். "ஆஃப் ஆனதுக்கு அப்புறமும் தானாவே பத்திக்கிது. ஆபத்தான சாமான். இத்தோட நிறுத்திக்குவோம்," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தானாவேவாம்!

எழுந்து நின்றேன். "தானா இல்ல சார். ஆஃப் பண்ணதும் நான், பத்த வச்சதும் நான்."

தலைவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உக்காருங்கம்மா. உங்க மேல யாரும் பழி போடல."