மோட்டார் நின்ற பகல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் மலாக்கா டவுனில் காஜா பெராங்கில் எனக்கு ஒரு மாவு மில் இருந்தது. மில் என்றால் ஒரு மோட்டார், ஓர் அரவை இயந்திரம், நான், என் மனைவி. அந்த மோட்டாரால் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. "இனிமே உரல் எதுக்கு?" என்று வீட்டுக் கல்லுரலைக் கவிழ்த்து, வருகிறவர்கள் உட்கார வாசலில் போட்டுவிட்டேன். உலக்கையை மட்டும் அவள் தூக்கிப்போட விடவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, அதிரசத்துக்கு ஊறவைத்து வடித்த அரிசியோடு பெண்கள் வரிசையில் நின்றபோது கரண்டு போனது. டவுன் முழுக்கவே கரண்டு இல்லையாம். ஈர அரிசி சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். புளித்தால் அத்தனை வீட்டிலும் அதிரசம் போச்சு. அப்புறம் எவர் என் மில்லுக்கு வருவார்? நான் சுவிட்சைத் தட்டித் தட்டி உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த சுவிட்சு என்னா பாவம் பண்ணுச்சு? வந்து உரலத் திருப்பிப் போடுங்க," என்றாள் என் மனைவி.

எதிர்வீட்டு மலாக்கா செட்டி அம்மாவுக்குத் தமிழ் பேச வராது; அவர்களுக்குத் தலைமுறைகளாக மலாய்தான். "அம்பில் லா" என்று தன் உரலையும் உலக்கையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் நான் இடித்தேன். பத்துக் குத்துக்குள் மூச்சு வாங்கியது.

"அண்ணே, மோட்டாருக்கு எண்ண போடணுமா?" என்று வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

எங்கள் உரலில் இடித்த என் மனைவி உலக்கையை யாரிடமும் கொடுக்கவில்லை. "அரைச்சுத் தர்றேன்னு சொன்னது நாங்க. நீங்க சலிச்சா போதும்."

நாலு மணிக்குக் கடைசிப் படியும் முடிந்தது. ஒருவர் அரிசிகூடப் புளிக்கவில்லை. எல்லோரும் போனபின், "பசிக்குதுங்க," என்றாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சோற்றைப் பிசைய முடியவில்லை. நான் பிசைந்து ஊட்டினேன். "ஐயே, யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க," என்று வாசலைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

பாதிச் சோற்றில் கரண்டு வந்தது. அணைக்க மறந்த மோட்டார் கத்த ஆரம்பித்தது. தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு ஓடினேன். அதைத் துடைத்து, ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினால், கரண்டியால் அவளே சாப்பிட்டு முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். ஒருநாளும் ஊட்டவில்லை. இப்போது தனியாகச் சோற்றைப் பிசையும்போதெல்லாம் அவளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அட பாவி, மோட்டார் எங்கே ஓடிப்போய்விடும்? மீதிச் சோற்றையும் ஊட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?