தேவானந்தம் வசனம் மறந்த மூன்று மாதங்கள்

தேவானந்தத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் தெரியும். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் யாராவது அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், நீங்க தாம்பரம் பிராஞ்ச்ல மேனேஜரா இருந்தீங்கல்ல?" என்று கேட்பார்கள். அவரும் இல்லை என்று சொல்ல மாட்டார். முப்பத்தெட்டு வருடங்களில் நீதிபதியாக மட்டுமே நாற்பது படங்களில் தீர்ப்புச் சொன்னவர். மீதியில் டாக்டர், தலைமையாசிரியர், கல்யாணத்தை நிறுத்துகிற மாப்பிள்ளையின் அப்பா.

பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோது அங்கே படப்பிடிப்புக்கு வந்தார்கள். முதலாளி வேடத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை. சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருடாவருடம் ஏரோது ராஜா இவர்தான் என்று யாரோ சொல்லிவிட, இழுத்துக்கொண்டுபோய்க் கோட்டை மாட்டினார்கள். ஒரு பக்க வசனத்தை ஒரே முறை படித்துவிட்டு அப்படியே பேசினார். அந்த ஞாபகசக்திதான் அவருக்குத் தொடர்ந்து வேலை வாங்கிக் கொடுத்தது.

எழுபத்திரண்டு வயதில் ஒரு சீரியலில் தாத்தாவாக நடித்துக்கொண்டிருந்தார். சீரியலில் மனப்பாடம் செய்ய நேரம் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்று வரிவரியாக எடுத்துக் கொடுப்பார். நடிகர் அதை வாங்கிப் பேச வேண்டும். இந்த யூனிட்டில் எடுத்துக் கொடுப்பவர் இணை இயக்குநர் சம்பத்.

போன ஜூலையில் நாவலூர் பக்கம் ஒரு பங்களாவில் உயில் படிக்கும் காட்சி. பெரிய ஹால். தேவானந்தம் முதல் வரியைப் பேசினார். இரண்டாவது வரி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நின்றது. சம்பத் சொல்லச் சொல்ல, ஒன்றும் மனதில் தங்காமல் கரைவதுபோல் இருந்தது. பதினோரு டேக் ஆயிற்று.

மறுநாள் சம்பத் தயங்கித் தயங்கி வந்தார். "தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வர மாதிரி மாத்திட்டாங்க சார். சும்மா படுத்துக்கினு இருந்தா போதும். உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

தேவானந்தம் சிரித்தார். அவருடைய அண்ணன் ஆபேல் கடைசி நான்கு வருடம் சொந்த மனைவியையே "நீங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அதுவும் இப்படிச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது.

வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி ஞானஜோதி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், ஏற்கெனவே எரிச்சலில் இருந்தாள். "வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னா வெந்தயம் வாங்கிட்டு வர்றீங்க. புத்தி எங்க இருக்கு?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவருக்கு அது தீர்ப்புபோல விழுந்தது.

அக்டோபரில் ஒருநாள் அவருடைய பைபிளுக்குள் மடித்து வைத்த தாள்களை அவள் பார்த்தாள். தெருவில் குடியிருப்பவர்களின் பெயர்கள். பேரக்குழந்தைகளின் பிறந்தநாள்கள். எல்லாத் தாளிலும் முதல் வரியில் 'ஞானஜோதி - மனைவி'.

"இது என்னங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "உன்னைக் கடைசியா மறக்கணும்னு பாக்குறேன், ஜோதி."

மறுநாள் காலையிலேயே தாம்பரத்தில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா எதிரே உட்கார்ந்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். குறைத்தார். ஐந்து பொருள்களைச் சொல்லிப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டார். ஐந்தையும் வரிசையாகச் சொன்னார். டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி டைப் அடித்துக்கொண்டே கேட்டார், "பசங்க எங்க இருக்காங்க?"

"பஸ்ல இல்ல டாக்டர், ஆட்டோலதான் வந்தோம்."

டாக்டரின் விரல்கள் நின்றன. எழுந்து அவருக்குப் பின்னால் போய் மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னார். பதில் இல்லை. இன்னும் இரண்டு சொன்னார். ஞானஜோதிக்குப் புரிந்துவிட்டது, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"சார்," என்று டாக்டர் முன்னால் வந்து நின்றார். "உங்க ஞாபகசக்தி என்னோடதை விட நல்லா இருக்கு. காதுதான் கேக்கல. காதுல விழுந்தாத்தானே ஞாபகம் இருக்கும்? எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். எனக்கு பயம் ஒண்ணும் இல்ல."

தேவானந்தம் சிரிக்க ஆரம்பித்தார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு அதே மூச்சில் அழுதார். ஞானஜோதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெந்தயத்துக்கு சாரி," என்றாள்.

ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. அவர் நேராக சம்பத்திடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா சார் நீங்க! முன்னாடியே சொல்லியிருந்தா பக்கத்துல வந்து நின்னிருப்பேனே!"

"எனக்கே தெரியாதேப்பா."

இயக்குநரிடம் சம்பத்தே பேசினார். காதில் மெஷின் தெரிந்தாலும் பரவாயில்லை, தாத்தாதானே என்றார்கள். மூன்று மாதமாகப் படுத்திருந்த தாத்தா கண் விழித்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மகன்கள் இருவரையும் திட்டும் காட்சி, இரண்டே முக்கால் பக்கம். இரண்டாவது டேக்கில் முடிந்தது. முதல் டேக்கில் தவறியது மகனாக நடித்தவர்.

சாயங்காலம் கம்பெனி காரில் அனுப்பி வைத்தார்கள். மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காதவர் நாவலூர் தாண்டும் முன்பே கண்ணை மூடினார். கேளம்பாக்கம், வண்டலூர் எல்லாம் கடந்து, ஹாரன் சத்தம் எதற்கும் அசையவில்லை.

"சார், வூடு வந்துடுச்சு," என்று டிரைவர் தோளைத் தொட்டார்.

கண் விழித்தபோது கேட்டைத் திறந்துகொண்டு ஞானஜோதி வந்துகொண்டிருந்தாள்.